ரிட்டர்ன் மேசையைத் தூக்கிவிடாதீர்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மேலாண்மைத் துறைப் பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

இணைய வணிகத்தையும் தொழில்நுட்பத்தையும் மேலாளர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் படிக்கும் தாளில், மாணவர்கள் நிறுவனங்களுக்குள் இருந்து கவனித்து எழுதும் எட்டு வாரக் களப்பணி வரும் கல்வியாண்டிலிருந்து கிடையாது என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எனக்கும் வந்தது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரும் நூறு மேலாளர்களுக்கு இணையவழியில் கேள்விப் படிவம் அனுப்பி, வரும் பதில்களைப் புள்ளியியல் மென்பொருளில் போட்டு அறிக்கை தந்தால் போதும் என்றிருக்கிறீர்கள். களப்பணிக்கு இடம் கொடுப்பவர்கள் பட்டியலில் என் பெயர் இருப்பதால் எனக்கு அனுப்பியிருப்பீர்கள். 'இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றி' என்று கடைசியில் ஒரு வரி. அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இணையத்தில் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில் பன்னிரண்டு ஆண்டாக ஆர்டர், கிடங்கு, ரிட்டர்ன் மூன்றையும் பார்த்துக்கொள்ளும் மேலாளர் நான். உங்கள் தாளில் மேலாளர் மேலாளர் என்று வருகிறதே, அந்த ஆள். உங்கள் மாணவர்கள் இனி அனுப்பப்போகும் படிவத்தை நிரப்பப்போகிறவனும் நான்தான். எனவே அதை எப்படி நிரப்புவேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒன்று வந்தது. 42 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் தரவேண்டும். 'நிறுவனத்தின் மென்பொருள் என் வேலையை எளிதாக்குகிறது.' 4. 'முடிவெடுக்கும்போது தரவுகளைச் சார்ந்திருக்கிறேன்.' 4. எல்லாவற்றுக்கும் 5 போட்டால் பீற்றிக்கொள்வது மாதிரி இருக்கும், 3 போட்டால் வேலை தெரியாதவன் மாதிரி இருக்கும். 4 பாதுகாப்பான எண். இரண்டு நிமிடத்தில் முடித்து அனுப்பிவிட்டேன்.

அந்த இரண்டு நிமிடமும் என் காதில் போன் இருந்தது. மறுமுனையில் கிடங்கு மேற்பார்வையாளர். ஒரு காலணி 14 ஜோடி இருப்பதாகத் திரை காட்டுகிறது, அலமாரியில் ஒன்றுகூட இல்லை, கூரியர் வண்டி வாசலில் நிற்கிறது. கடைசியில் அந்தப் பதினான்கும் ரிட்டர்ன் வந்த பொருள்கள் என்று தெரிந்தது. ஸ்கேன் செய்து ஸ்டாக்கில் ஏற்றியாகிவிட்டது, அலமாரிக்குப் போகாமல் ஒரு தள்ளுவண்டியிலேயே கிடந்திருக்கிறது. எந்தத் தள்ளுவண்டி என்பதைச் சொன்னது மென்பொருள் இல்லை. அலமாரி பார்க்கும் பெரியவர் தன் கோடு போட்ட நோட்டில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். எங்கள் கிடங்கில் எது எங்கே இருக்கிறது என்பதற்கு அந்த நோட்டுதான் கடைசி வார்த்தை. வாங்கிய மென்பொருளுக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டுகிறோம், நோட்டுக்கு ஒன்றும் கட்டுவதில்லை.

நான் போட்ட 4 இப்போது உங்கள் மாணவர் ஒருவரின் அறிக்கையில் சராசரிக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

'சரி, சொல்வதை நம்ப வேண்டாம், மென்பொருளின் பதிவுகளையே வாங்கிப் பார்க்கிறோம்' என்று நீங்கள் சொல்லலாம். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. என் பெயரில் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் கணினி திறந்திருக்கும். பதிவைப் பார்த்தால் நிறுவனத்திலேயே அதிகமாகத் தொழில்நுட்பம் பயன்படுத்தும் மேலாளர் நான்தான். உண்மையில் என் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு ஒப்புதல் பொத்தானை அழுத்துகிறவர் என் உதவியாளர். நான் கூட்டத்தில் இருப்பேன், வாட்ஸ்அப்பில் 'போடுங்க' என்று ஒரு வார்த்தை அனுப்புவேன், அவர் அழுத்துவார். இது தப்பு என்று எனக்குத் தெரியும், இப்போது நிறுத்திவிட்டோம். ஆனால் நிறுத்தும்வரை படிவமும் சரி, பதிவும் சரி, இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உங்கள் மாணவர் ஒருவர்தான் இரண்டாம் நாளே கண்டுபிடித்தார். 'சார், நீங்க இங்க என்கூடப் பேசிட்டிருக்கீங்க, உங்க பேர்ல மூணு ஆர்டர் ரத்தாயிருக்கே' என்று கேட்டார். எனக்கு முகம் செத்துவிட்டது.

நீங்கள் பாடம் நடத்துகிறவர்கள், உங்களுக்கு நான் ஆய்வு நூல்களைக் காட்டக்கூடாது. இருந்தாலும் உங்கள் பாடப்பட்டியலில் இருப்பதையே சொல்கிறேன். 1989-ல் ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி இந்தத் தாளின் அடித்தளம். பயன் தரும் என்று ஒருவர் நினைப்பதும் எளிது என்று நினைப்பதும் சேர்ந்து பயன்பாட்டைத் தீர்மானிக்கின்றன என்கிறது அது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் பயன்பாட்டை அளந்தது எப்படி? 'எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள்' என்று அவரையே கேட்டு. 1995-ல் டெட்மர் ஸ்ட்ராபும் அவருடன் இருந்தவர்களும் குரல் அஞ்சல் வசதியை வைத்து இதைச் சோதித்தார்கள். ஆட்கள் தாமே சொன்ன பயன்பாட்டையும் கணினி பதிவுசெய்த பயன்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டுக்கும் அவர்கள் எதிர்பார்த்த உறவு இல்லை. இரண்டும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றனவா என்றே கேள்வி எழுந்தது. முப்பது ஆண்டுக்கு முன்பே தெரிந்த ஓட்டை இது. நீங்கள் அந்த ஓட்டை வழியாகவே மாணவர்களை அனுப்பப் பார்க்கிறீர்கள்.

இனி, இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

ரிட்டர்ன் மேசை என்று எங்களிடம் ஒன்று உண்டு. திரும்பி வரும் பார்சலை அங்கேதான் பிரிப்பார்கள். பொருள் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஸ்கேன் செய்து, திரையில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்து, மறுபடி ஸ்டாக்கில் ஏற்றவேண்டும். திரையில் பதினொரு காரணங்கள் வரும். முதலாவது, 'வாடிக்கையாளர் மனம் மாறினார்'. எதையும் தேர்ந்தெடுக்காமல் என்டர் தட்டினால் அந்த முதல் காரணம் தானாக விழும். ஒரு பார்சலுக்கு 40 வினாடிதான் என்று இலக்கு வைத்திருந்தோம். வைத்தோம் என்ன, வைத்தது நான்தான். ஒரு கையில் ஸ்கேனர், ஒரு கையில் பொருள், இதில் மவுஸைத் தேடிப் பிடித்து ஏழாவது காரணத்தைச் சொடுக்க யாருக்கு நேரம்? என்டர், என்டர், என்டர்.

வாடிக்கையாளர் இணையதளத்தில் சொல்லும் காரணம் வேறொரு இடத்தில் சேமிப்பாகும். எங்கள் மாத அறிக்கை எடுத்துக்கொண்டது மேசையில் பதிந்த காரணத்தைத்தான். ஆக, கணக்குகளைச் சுருக்கிக் காட்டும் டேஷ்போர்டு திரையில் ஒரு பெரிய ஆரஞ்சு வட்டம் வரும். பாதிக்கு மேல் 'மனம் மாறினார்'. இரண்டு ஆண்டு அந்த வட்டத்தை எடுத்துக்கொண்டு நான் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். 'இன்றைய வாடிக்கையாளருக்குப் பொறுமை இல்லை' என்று அழகாகப் பேசியிருக்கிறேன். அதை வைத்தே ரிட்டர்ன் எடுக்கும் காலத்தைப் பதினைந்து நாளிலிருந்து ஏழாகக் குறைத்தோம். தரவின் அடிப்படையில் எடுத்த முடிவு. எந்தப் படிவத்தில் கேட்டாலும் 4.

உங்கள் மாணவி ஒருவர் மூன்று வாரம் அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் சொல்லி உட்காரவில்லை. என் அறையில் ஏசி இருந்தது, அவரை அங்கே இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை. பார்சலுக்குள் வாடிக்கையாளர்கள் சிலர் எழுதி வைக்கும் துண்டுச் சீட்டுகளை மேசைக்காரர்கள் குப்பையில் போடுவார்கள். இவர் அவற்றை எடுத்துப் படித்து ஒரு நோட்டில் ஒட்டிக்கொண்டே வந்தார். 'தோளில் பிடிக்கிறது.' 'எப்போதும் போடும் அளவுதான், இது சின்னதாக இருக்கிறது.' 'அளவு அட்டவணை பார்த்துத்தானே வாங்கினேன்.' அப்படித் திரும்பி வந்த சட்டைகளில் முக்கால்வாசி ஒரே விற்பனையாளருடையவை. அவருடைய பக்கத்தில் இருந்த அளவு அட்டவணை இன்னொருவருடையது. பொருள்களைத் தளத்தில் ஏற்றும்போது யாரோ முந்தைய பக்கத்தை நகலெடுத்து, படத்தையும் பெயரையும் மாற்றி, அட்டவணையை மாற்ற மறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு அளவும் ஒரு படி தள்ளியிருந்தது.

அவர் வந்து சொன்னபோது நான் உடனே ஒத்துக்கொண்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. 'சிஸ்டத்தில் அப்படி இல்லையேம்மா' என்றேன். 'சார், நீங்க ஒரு மணி நேரம் அங்க வந்து உட்காருங்க' என்றார். அந்த வயதில் எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை. போய் உட்கார்ந்தேன். பத்து பார்சலுக்குள் முதுகு வலித்தது. பதினைந்தாவது பார்சலில் நானும் என்டர் தட்டிக்கொண்டிருந்தேன்.

அளவு அட்டவணையைத் திருத்த ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. காரணப் பட்டியலில் முதல் வரியை வெற்றிடமாக்கினோம், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் நகர முடியாதபடி. 40 வினாடி இலக்கை நீக்கினோம். ரிட்டர்ன் காலத்தை மறுபடி பதினைந்து நாளாக்க மேலே ஒப்புதல் வாங்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது, அது தனிக் கதை.

இந்த மாணவி நூறு மேலாளர்களுக்குப் படிவம் அனுப்பியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? என்னைப் போல நூறு பேர் போட்ட நான்கைக் கூட்டி நூறால் வகுத்தால் நான்குதான் வரும். ஒருவர் எல்லாவற்றுக்கும் 4, இன்னொருவர் எல்லாவற்றுக்கும் 3 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் கேள்விகளுக்கான பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கும் கிரான்பாக் ஆல்ஃபா என்ற எண் உயரத்தான் செய்யும், படிவம் நம்பகமானது என்று அறிக்கையில் ஒரு பத்தி வரும். அதற்கு நீங்கள் மதிப்பெண்ணும் தருவீர்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தள்ளுபடி விற்பனை ஒன்றை எப்போது வைப்பது என்று நாங்கள் முடிவெடுத்த விதம் இது: போட்டியாளரின் விளம்பரத்தை எங்கள் முதலாளி போனில் பார்த்தார், ராத்திரி எனக்குக் கூப்பிட்டார், வெள்ளிக்கிழமை என்று முடிவானது. மறுநாள் காலை நான் தரவு பார்க்கும் பெண்ணிடம், 'வெள்ளிக்கிழமை ஏன் நல்லது என்று ஒரு வரைபடம் போட்டுக் கொடுங்கள்' என்றேன். அவரும் போட்டார். வரைபடம் பொய் இல்லை. முடிவுக்குப் பிறகு பிறந்தது, அவ்வளவுதான். இந்த வரிசையை எந்தப் படிவத்தில் நான் எழுதுவேன்?

பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது ஏதோ அறிவியல் குறைவான வேலை என்று உங்கள் சுற்றறிக்கையில் ஒரு தொனி இருக்கிறது. மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்து 1973-ல் எழுதினார். ஐந்தே பேர். அவர்கள் செய்த காரியங்களில் பாதி ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லை என்று கணக்கோடு காட்டினார். திட்டமிடுபவர், ஒருங்கிணைப்பவர் என்று அதுவரை பாடத்தில் இருந்த மேலாளர் அதோடு ஆட்டம் கண்டார். 1992-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக வாண்டா ஆர்லிகோவ்ஸ்கி, லோட்டஸ் நோட்ஸ் மென்பொருளை நிறுவிய ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்துக்குள் போய்ப் பார்த்தார். எல்லோரும் அறிவைப் பகிர்ந்துகொள்வார்கள் என்று நம்பி வாங்கிய மென்பொருள். ஆனால் அங்கே பதவி உயர்வு சக ஊழியரை முந்துவதில் இருந்தது. வேலை செய்யும் ஒவ்வொரு மணிநேரத்தையும் ஏதாவது ஒரு வாடிக்கையாளர் கணக்கில் எழுதவேண்டிய இடம் அது, மென்பொருள் கற்கும் மணிநேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்றும் தெரியவில்லை. பலர் அதை மின்னஞ்சல் பெட்டியாக மட்டும் வைத்துக்கொண்டார்கள். வாங்கியவர்களைக் கேட்டிருந்தால் 'அறிவுப் பகிர்வுக்குப் பயன்படுத்துகிறோம்' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

'உங்கள் நிறுவனம் தானியங்கி எச்சரிக்கைகளைப் பயன்படுத்துகிறதா?' போன்ற கேள்விகளும் வரும். பயன்படுத்துகிறோம். அவை என் மின்னஞ்சலில் ஒரு தனி ஃபோல்டருக்குப் போகின்றன. அங்கே படிக்காமல் ஆயிரக்கணக்கில் கிடப்பதை ஒரு மாணவர் எட்டிப் பார்த்துச் சொன்னார். சிரித்து மழுப்பினேன். பிறகு நைட் கேப்பிட்டல் பங்குத் தரகு நிறுவனத்தின் கதையைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று அவர்களின் எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரல் ஏறவில்லை. சந்தை திறந்ததும் அந்த ஒன்றில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கும் மேல் இழப்பு வைத்தது. சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களின் சிஸ்டம் ஊழியர்களுக்கு 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தது. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய நாள் அவர்களிடம் படிவம் போயிருந்தால், தானியங்கி அறிவிப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று நேர்மையாகவே டிக் செய்திருப்பார்கள்.

உங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. நிறுவனங்கள் அனுமதி தருவதில்லை என்கிறீர்கள். உண்மை. வாடிக்கையாளர் விவரங்கள் வெளியே போய்விடும் என்ற பயம் எங்கள் சட்டப் பிரிவுக்கு நிறையவே உண்டு. மாணவர்களைக் கூலியில்லாத வேலையாட்களாக நடத்துகிறார்கள் என்கிறீர்கள். அதுவும் உண்மை. முதல் ஆண்டு வந்த பையன்களை நான் இரண்டு வாரம் லேபிள் ஒட்ட வைத்தேன். பண்டிகைக் காலம், ஆள் இல்லை. அது என் தவறு, அவர்கள் அறிக்கையில் அதை எழுதியிருந்தால் எனக்கு உறைத்திருக்கும். மதிப்பெண் தருவதில் ஒரே அளவுகோல் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒருவருக்கு நல்ல நிறுவனம் அமையும், இன்னொருவருக்கு எட்டு வாரமும் வரவேற்பறையில் கழியும்.

கேள்விப் படிவமே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. எத்தனை நிறுவனங்கள் எந்த மென்பொருள் வைத்திருக்கின்றன, எத்தனை பேர் சொந்தத் தளத்தில் விற்கிறார்கள், எத்தனை பேர் மார்க்கெட்பிளேஸில், அதாவது பல விற்பனையாளர்கள் சேர்ந்து விற்கும் பொதுத் தளத்தில், விற்கிறார்கள் என்று எண்ணுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. வைத்திருப்பதை என்ன செய்கிறார்கள் என்று கேட்கத்தான் அது உதவாது. உங்கள் தாளின் கேள்வி இரண்டாவதுதானே?

அதனால் கேட்கிறேன். களப்பணியை நீக்கும் முடிவை வரும் கல்வியாண்டுக்கு நிறுத்தி வையுங்கள். இடம் கொடுத்த நிறுவனங்களையும் களப்பணி முடித்த மாணவர்களையும் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்காமல் அதை இறுதியாக்காதீர்கள். இதுவரை எங்களில் ஒருவரையும் நீங்கள் கேட்கவில்லை.

எட்டு வாரம் நடத்த முடியாது என்றால் ஆறு வாரம் வையுங்கள், வாரத்துக்கு இரண்டு நாள் என்றாலும் சரி. ஆனால் அதில் பாதி நாளாவது மேலாளரின் அறைக்கு வெளியே, அவருடைய முடிவு போய்ச் சேரும் இடத்தில் கழியவேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். ரிட்டர்ன் மேசை, வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் இடம், மார்க்கெட்பிளேஸிலிருந்து வரவேண்டிய பணத்தின் செட்டில்மென்ட் கணக்கு பார்க்கும் மேசை, எதுவானாலும் சரி. பயிற்சிக்கு வந்தவரை வேலையாளாக நடத்தினால் அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள், என்னுடையதையும் சேர்த்து.

அனுமதிச் சிக்கலுக்கு, துறையே ஒரு பொதுவான இரகசியக் காப்பு ஒப்பந்தத்தைத் தயாரித்து வைக்கவேண்டும். வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண், முகவரி எதையும் மாணவர் குறிக்கமாட்டார், நிறுவனத்தின் பெயர் அறிக்கையில் வராது என்று இரண்டு பக்கம் போதும். எங்கள் சட்டப் பிரிவு ஏற்றுக்கொண்ட ஒரு நகல் என்னிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன். மதிப்பெண்ணில் ஒரு பங்கை மாணவரின் அன்றாடக் குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். வரவேற்பறையில் எட்டு வாரம் உட்கார்ந்தவரும், தான் ஏன் உள்ளே விடப்படவில்லை என்று கவனித்து எழுதியிருந்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு என்று சொல்லுங்கள்.

படிவம் அனுப்பும் மாணவர்கள், பதில் தந்தவர்களில் ஐந்து பேரிடமாவது நேரில் போய் ஒரு நாள் முழுதும் உடனிருந்து, படிவத்தில் எழுதியதையும் கண்ணால் கண்டதையும் ஒப்பிட்டு எழுதவேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். அந்த ஐந்தில் ஒன்றுக்கு நான் இருக்கிறேன்.

குழுவில் யாராவது ஒருவர், தலைவரே வந்தால் இன்னும் நல்லது, இறுதி முடிவுக்கு முன் ஒரு நாள் எங்கள் கிடங்குக்கு வாருங்கள். ரிட்டர்ன் வண்டி மதியம் இரண்டு மணிக்கு வரும். ஸ்டூல் அங்கேயேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
களப்பணிப் பட்டியலில் இன்னும் பெயர் நீக்கப்படாத ஒரு மேலாளர்